எந்த ஊர் ஆள்

படத்தில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று இயக்குநருக்குப் பெருமை. கடை வைத்திருக்கும் முஸ்லிம், சிங்களம் பேசும் பஸ் கொண்டக்டர், செயற்கைக் காலோடு சைக்கிள் ஓடும் முன்னாள் போராளி. நடுவில், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட ஒரு தாய். பாட்டு, சண்டை ஒன்றும் கிடையாது. பெரும்பாலும் அவரும் அவருடைய கோழிகளும்தான். பேச்சு வட இலங்கையின் வன்னிப் பேச்சாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

தாயாக நடித்தவர் கிளிநொச்சிக்காரர். 1977 இனக்கலவரத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த குடும்பம். அப்போது அவருக்கு 11 வயதாம். வசனம் இது: "ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை." அவர் சொன்னது: "ஒருத்தரும் எங்கூட கதைக்க மாட்டேங்குறாங்க."

'கதைக்க' இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. 'மாட்டேங்குறாங்க' மலையிலிருந்து கூடவே வந்தது. பாரதிபுரத்திலோ மலையாளபுரத்திலோ ஒரு கடை வாசலில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் திருத்தினேன். ஐந்தாவது டேக்கில், சேலையில் குத்தியிருந்த மைக்கைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நான் எந்த ஊர் ஆளா நடிக்கணும்?"

"இந்த ஊர்தான் அம்மா."

"நான் இந்த ஊர்தானே."

சிரித்தேன். திருத்தியதை விட அந்தச் சிரிப்புத்தான் இப்போது உறுத்துகிறது. "சரி அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன். ஒன்பதாவது டேக் ஓகே.

என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவனை 'தோட்டக்காட்டான்' என்று, மலையகத்தாரை இழிவாகச் சொல்லும் சொல்லால், கூப்பிடுவோம். ('கூப்பிடுவார்கள்' என்று முதலில் எழுதி, அழித்தேன்.) இந்த அம்மா திரையில் வாயைத் திறந்ததும் பின்வரிசையிலிருந்து அதே சொல் வரும் என்று பயந்தேன். அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று சில நாள் நம்ப முடிகிறது. மற்ற நாட்களில், வன்னித் தமிழ் தெரிந்தவன் என்று காசு வாங்கியவனுக்குத் திருத்த ஏதாவது தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்று தோன்றும். மலையகத்து ஆள் ஒருவரும் படத்தில் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. அவர் எல்லாக் காட்சியிலும் இருந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தேத்தண்ணி இடைவேளையில் மைக்கை அணைக்க மறந்துவிட்டோம். அவர் கோழியோடு பேசியது பதிவாகியிருந்தது. "ஏன்டி, நீயாச்சும் தின்னியா? என்னையப் போட்டு வாட்டுறாங்கடி." அரிசி சிதறும் சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு, ஹெட்போனில் காது கூசும் அளவுக்குக் கிட்டத்தில். தனிமை என்று நாங்கள் பாடுபட்டு எடுத்த எதுவும் அந்த அரை நிமிடத்துக்குக் கிட்ட வராது. சேர்க்கலாமா என்று இயக்குநர் கேட்டார். பேச்சு ஒத்துவராது என்று நான்தான் மறித்தேன். தொழில்படி அது நியாயம்தான். மற்றக் காட்சிகளில் அவர் 'கதைக்கிறேல்லை' என்கிறாரே! அதை அப்படி ஆக்கியதும் நான்தான்.

படம் காட்டிய அன்று யாரும் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் கையைப் பிடித்து, "அசல் வன்னித் தமிழ்" என்றார். நன்றி சொன்னேன். பக்கத்தில் வடைத் தட்டோடு நின்ற அம்மா, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.