காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய பிக்கப்: பம்பைக் கழற்றும் முன் காற்றைத் தேடுங்கள்

ராத்திரி நன்றாக ஓடி வந்து நின்ற வண்டி. காலையில் பத்துத் தடவை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். பிடித்ததும் அரை நிமிடம் மிஸ்ஸாகி ஆடும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பகலில் எத்தனை முறை அணைத்தாலும் தொட்டவுடன் ஸ்டார்ட். மறுநாள் விடிந்தால் பழைய கதை. டாடா 207, காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் உயர் அழுத்த டீசல் முறை) வருவதற்கு முந்தைய பொலிரோ பிக்கப் போன்ற மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டிகளில் இந்தக் குறை மாதக்கணக்கில் இழுக்கும். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலை மாற்றுவார்கள், பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்புவார்கள். வண்டி நாலு நாள் நிற்கும், லோடு போகும், பணம் போகும். குறை மட்டும் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் காரணம், டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று புகுவதுதான்.

முதலில் புகையைப் பாருங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சர் வாயருகே நிற்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை என்று பொருள். அப்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் அதையும், எல்லா என்ஜினிலும் கம்ப்ரெஷன் (சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவு), டைமிங் (டீசல் பீச்சும் நேரம்), செல்ஃப் சுற்றும் வேகம் இவற்றையும் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் 9.6 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், பேட்டரியையும் எர்த் கேபிளையும் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. இனி சொல்லப்போவது இந்த இரண்டாவது வகை வண்டிக்கு.

“சொட்டு டீசல் கூடக் கசியவில்லையே, காற்று எப்படிப் புகும்?” என்று கேட்பார்கள். இளநீர் ஸ்ட்ராவில் ஊசித் துளை இருந்தால் இளநீர் வெளியே சிந்தாது, வாய்க்குக் காற்றுதான் வரும். டேங்கிலிருந்து உறிஞ்சும் லைனும் அப்படித்தான். ஓடும்போது புகும் சிறு குமிழிகளை, மிஞ்சும் டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் வழியாக பம்ப் திருப்பி அனுப்பிவிடும், அதனால் பகலில் ஒன்றும் தெரியாது. நிறுத்தியபின் அதே துளை வழியாகக் காற்று உள்ளே வர, லைனில் நிற்கும் டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்புக்குக் கிடைப்பது காற்று.

செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஒரு ராத்திரி வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், மறுநாள் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். மூக்கு தாழ்ந்திருந்த காலையில் சட்டென்று பிடித்து, உயர்ந்திருந்த காலையில் மக்கர் செய்தால் காற்றுதான், பெரிதாகச் சந்தேகப்பட வேண்டாம். இறக்கத்தில் டேங்க் மட்டம் என்ஜினுக்குச் சமமாக உயர்வதால் டீசல் பின்னால் இறங்காது.

அடுத்தது டியூப் சோதனை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான லெவல் டியூப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வண்டியின் ஹோஸ் எந்த அளவோ அதே உள்விட்டத்தில் (பல வண்டிகளில் 8 மி.மீ.) ஒரு அடி வாங்கி, ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸுக்குப் பதிலாக கிளிப் போட்டு மாட்டுங்கள். காலையில் செல்ஃப் அடிக்கும் முன்பே டியூபைப் பாருங்கள். மேல் பாதி காலியாக இருந்தால் ராத்திரியே டீசல் இறங்கிவிட்டது. ஓடும்போது இழை இழையாகக் குமிழி வந்தால் காற்று அதற்கு முன்னால் எங்கோ புகுகிறது. டியூபை ஃபில்டருக்கு முன்பக்கம் மாற்றுங்கள். அங்கே குமிழி இல்லை என்றால் குற்றவாளி, ஃபில்டரை மாட்டும் மேல்பகுதியான ஃபில்டர் தலை. அங்கேயும் இருந்தால் டேங்க் பக்கம் நகருங்கள். இந்த டியூப் சோதனைக்கு மட்டும்தான். டீசலிலும் சூட்டிலும் சில வாரத்தில் விறைத்து வெடிக்கும்.

பம்பின் மேல் சந்தேகம் தீர இன்னொரு வழி. சுத்தமான டீசல் ஊற்றிய 5 லிட்டர் கேனை என்ஜினைவிட உயரத்தில், சூடான பாகங்களிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். அதிலிருந்து நேராக பம்பின் இன்லெட்டுக்கு டியூப் கொடுத்து, ரிட்டர்னையும் கேனுக்கே திருப்பி, காற்றை எடுத்துவிட்டு (முறை கடைசியில் இருக்கிறது) ராத்திரி விடுங்கள். காலையில் தொட்டதும் பிடித்தால் பம்ப் குற்றமற்றது, அதன்மேல் கை வைக்க வேண்டாம்.

ஃபில்டர் தலையில் மூன்று இடங்கள். பழைய ஓ-ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைப் போட்டு முடுக்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஒவ்வொரு முறையும் நகத்தால் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். அடுத்து, டீசலை நிரப்ப மேலே கையால் அழுத்தும் பிரைமரின் ரப்பர். வருடக்கணக்கில் யாரும் தொடாமல் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். கொஞ்சம் டீசல் தடவி அழுத்தினால் வெடிப்பு வாய் திறப்பது கண்ணுக்கே தெரியும். மூன்றாவது, பைப்பை இணைக்கும் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர். ஒருமுறை நசுங்கிய வாஷர் கடினமாகிவிடும், எத்தனை முடுக்கினாலும் அடைக்காது. புதியது போடுங்கள். கையில் இல்லையென்றால் பழையதைச் சிவக்கும்வரை காய்ச்சி ஆறவிட்டால் மிருதுவாகிவிடும். டெஃப்லான் டேப் மட்டும் சுற்றவே சுற்றாதீர்கள். பிய்ந்த நூல் நேராக பம்புக்குள் போகும்.

யாரும் குனிந்து பார்க்காத இடம் சேஸிஸை ஒட்டி ஓடும் இரும்புப் பைப். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் மீன் லோடு அடிக்கும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பாடியிலிருந்து சொட்டிச் சொட்டி இந்தப் பைப்பின் மேல்தான் விழுகிறது. பைப்பின் நடுவில் பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கிளிப்புக்குள் சேறும் உப்பும் தங்கி அரித்திருக்கும். கிளிப்பைக் கழற்றுங்கள். துருப்பொடி ஈரமாக, கருப்பாக, விரலில் டீசல் வாசனையோடு ஒட்டினால் துளை அங்கேதான். எம்-சீல் பசை பூசுவது ஒரு மாதத்துக்கு வரும். அந்தத் துண்டை மாற்றுவதுதான் வேலை.

அரை டேங்குக்கு மேல் இருந்தால் சரியாக ஓடி, அதற்குக் கீழே இறங்கியதும் தொல்லை தொடங்கினால் டேங்குக்குள் நிற்கும் உறிஞ்சுகுழாயில் விரிசல். டீசல் மட்டம் விரிசலுக்குக் கீழே போனதும் காற்றை இழுக்கும். வண்டி அரை மணி நேரம் ஓடி மேட்டில் இழுவை இல்லாமல் சாகிறதா? டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் காற்று புகும் வென்ட் துளை அடைத்திருக்கிறது. அது வேறு நோய், மருந்தும் சுலபம். நாசில்களுக்கு இடையே ஓடும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்களையும் விடாதீர்கள். வெளிப்பின்னல் ஈரமாக இருந்தால் மொத்தமாக மாற்றுங்கள், விலை அற்பம்.

இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் தள்ளும் பம்ப்) வண்டிக்கு ஒரு வித்தியாசம் உண்டு. அதில் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் பக்கவாட்டிலேயே இருப்பதால், டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைதான் உறிஞ்சும் பகுதி. அதற்கு அப்பால் அழுத்தம், ஓடும்போது ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வரும். ரோட்டரி பம்ப் (சுழன்றபடி எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் பம்ப்) பல வண்டிகளில் தானே டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. தவிர, ரோட்டரிக்கு உள்ளே எண்ணெய் டீசல்தான். காற்றோடு நீளமாக செல்ஃப் அடித்தால் நல்ல பம்பும் தேயும்.

சரிசெய்தபின் காற்று எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையில் காற்றை வெளியே விடும் பிளீடிங் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி நின்று முழு டீசல் வரும்வரை பிரைமரை அழுத்தி, அழுத்தியபடியே முடுக்குங்கள். பிறகு பம்பின் இன்லெட்டிலும் அதே மாதிரி. கடைசியாக இரண்டு நாசில் பைப்புகளின் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்து 10 விநாடி செல்ஃப். டீசல் வந்ததும் முடுக்குங்கள். செல்ஃபுக்கு ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி அடியுங்கள். நட்டின் அருகே கையை வைக்காதீர்கள், பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும். காமன் ரெயில் வண்டியில் நட்டைத் தளர்த்தும் இந்த வேலையைச் செய்யவே கூடாது, அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். தீயும் பிடிக்கும், பிஸ்டனும் உடையும்.

லெவல் டியூபை உடனே கழற்ற வேண்டாம். இரண்டு ராத்திரி, அதில் ஒன்று மூக்கு மேடாக நிறுத்தி, காலையில் பாருங்கள். டியூப் விளிம்புவரை டீசலோடு நின்றால் அதைக் கழற்றி, டீசல் தாங்கும் புது ஹோஸும் புது கிளிப்பும் போட்டு முடியுங்கள்.