குறுகிய கால வாடகை வீட்டில் விபரீதம் நேர்ந்தால் யார் பொறுப்பு?

சில நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு விடப்படும் வீட்டில் ஏதேனும் விபரீதம் நேர்ந்துவிட்டால், வீட்டு உரிமையாளர் தங்க வந்தவரைக் கைகாட்டுகிறார். தங்க வந்தவர் உரிமையாளரைக் கைகாட்டுகிறார். முன்பதிவுக்குக் கமிஷன் பெற்ற இணைய நிறுவனமோ, தான் வெறும் இடைத்தரகர் என்று ஒதுங்கிக்கொள்கிறது. இந்த மூன்றாவது பதிலைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

நான்கு பேருக்கென்று எடுத்த வீட்டில் நாற்பது பேரைக் கூட்டிக் கூத்தடித்தால், அந்தச் சேதத்துக்குத் தங்கியவரே பொறுப்பு. அதில் விவாதம் இல்லை. வீட்டின் பாதுகாப்பு அப்படியல்ல. குளியலறை கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் அடைபட்டிருந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும். தலைவலியையும் அசதியையும் பயணக் களைப்பென்று நினைத்துப் படுப்பவர் எழாமலே போகக்கூடும். 2022 அக்டோபரில் மெக்சிகோ நகரில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் தங்கியிருந்த மூன்று அமெரிக்கர்கள் இந்த வாயுவால்தான் இறந்தார்கள். இரண்டு இரவு தங்க வருபவர் புகைக்குழாயைக் கழற்றிப் பார்க்க முடியாது என்பதால், முதல் பொறுப்பு உரிமையாளருடையது. ஆனால், கட்டில் விரிப்பு வரை படம் கேட்கும் நிறுவனம், இந்த வாயு கசிந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியின் படத்தையும் கேட்டுப் பெற்ற பிறகே அந்த வீட்டைப் பட்டியலில் சேர்த்தால் என்ன?

2019 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், இத்தகைய இணைய நிறுவனங்களில் ஒன்றான ஏர்பிஎன்பியை வீட்டுத் தரகராக அல்லாமல், இரு தரப்பையும் இணையத்தில் இணைத்துவைக்கும் தகவல் சேவை வழங்குநராகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கணக்கு அது. நடைமுறையிலோ, பணம் அந்நிறுவனத்தின் வழியாகவே கைமாறுகிறது. எந்த வீடு முதலில் தெரிய வேண்டும், யாரை நீக்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. இவ்வளவு பிடியை வைத்திருப்பவர் பொறுப்பில் மட்டும் பங்கில்லை என்பது நியாயமாகாது.

இதுவரை வந்த பாதுகாப்பு விதிகளில் பல, யாரோ ஒருவர் அடிபட்ட பிறகே வந்தவை. 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்ணின் வீடு தங்க வந்தவரால் சூறையாடப்பட்ட செய்தி பரவிய பின்னரே 50,000 டாலர் வரையிலான இழப்பீட்டு உத்தரவாதத்தை ஏர்பிஎன்பி அறிவித்தது. 2019இல் கலிஃபோர்னியாவின் ஒரிண்டாவில், வாடகை வீட்டு விருந்தொன்றில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஐவர் பலியான பிறகே விருந்து வீடுகளுக்கு அந்நிறுவனம் தடை விதித்தது. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாத அக்கம்பக்கத்தினரின் நிலையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்; அவர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்?

உரிமையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீடுகள் பல, வணிக நோக்கில் வாடகைக்கு விடும்போது நேரும் இழப்பை ஏற்பதில்லை. நிறுவனம் தரும் சேதப் பாதுகாப்பை முழுமையான காப்பீடாக எண்ணாமல், அதன் விலக்குகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய ஒழுங்குமுறை, வாடகை வீடுகளின் பதிவெண்ணை வெளியிடவும், அவ்வப்போது சரிபார்க்கவும் இணைய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. பதிவெண்ணைச் சரிபார்க்க முடிந்தவர்களால் எச்சரிக்கைக் கருவியையும் அவசர வழியையும் சரிபார்க்க முடியாதா? அடுத்த சட்டம் அதையும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.