பின்னால் தெரிவது பத்து மீட்டரா, மூன்று மீட்டரா?

அவுட்டோர் போர்ட்ரெய்ட்டுக்கு, அதாவது வெளியில் ஆளை வைத்து எடுக்கும் படத்துக்கு, லென்ஸ் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, எதில் பேக்ரவுண்ட் நன்றாக மங்கும் என்றுதான். பின்னால் இருப்பதில் எவ்வளவு படத்துக்குள் வர வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் முடிவு செய்யச் சொல்வேன்.

ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து, இடுப்புக்கு மேலே சுமார் ஒரு மீட்டர் உயரம் அடங்கும்படி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் ஃபோக்கல் லென்த் (எண் கூடக் கூடத் தூரத்தில் உள்ளதை இழுத்துக் காட்டும் அளவு) 50 எம்.எம். என்றால் ஆளிடமிருந்து 1.4 மீட்டரில் நிற்க வேண்டும். 85-க்கு 2.4 மீட்டர், 200-க்கு 5.6 மீட்டர். மூன்றிலும் ஆள் ஒரே அளவுதான். ஆனால் அவருக்கு 20 மீட்டர் பின்னால் தென்னந்தோப்பு இருந்தால், 50-ல் அதன் அகலம் 10 மீட்டர் தெரியும். 85-ல் 6, 200-ல் 3 மட்டுமே. தென்னையை 25 அடிக்கு ஒன்றாக நடுவது வழக்கம். எனவே 50-ல் முன்வரிசை மரம் ஒன்றாவது உள்ளே வந்தே தீரும், கூடவே கரண்ட் கம்பமும் நிறுத்தியிருக்கும் பைக்கும். 200-ல் இரண்டு மரத்துக்கு நடுவே படம் அடங்கிவிடும். தலைக்குப் பின்னால் பின்வரிசை மரம் முளைத்தால் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். பேக்ரவுண்ட் ஒரு மீட்டர் விலகும், அதாவது ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்கு.

50-ல் முகத்தை மட்டும் நிறைக்கப் போனால் 80 சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டிவரும். மூக்கு பெருத்து, காது சிறுத்துத் தெரியும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, நெருங்கியதால் வருவது அது. சுமார் ஒன்றரை மீட்டருக்குக் கிட்டே போகாதீர்கள். கிராப் சென்சாரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) இதே 50 எம்.எம். 75-80 போலப் பார்ப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. முதல் லென்ஸாக 50 எஃப் 1.8 தாராளமாக வாங்கலாம். எஃப் எண் என்பது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்வது; எண் சிறிதானால் திறப்பு பெரிது.

மங்கலுக்கு ஒரு சுலபக் கணக்கு: ஃபோக்கல் லென்த்தை எஃப் எண்ணால் வகுங்கள். 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47. வெகுதூரத்தில் உள்ள ஒரு ஒளிப்புள்ளி, ஆளின் முகத்தோடு ஒப்பிட்டால் 47 மில்லிமீட்டர் வட்டமாக விரியும் என்று அர்த்தம். 50 எஃப் 1.8-ல் 28தான். விலை குறைந்த 55-250 ஜூமை 250-ல் எஃப் 5.6 வைத்தால் 45! ஆனால் இது பேக்ரவுண்ட் வெகுதூரத்தில் இருந்தால்தான். 85-ல் மேலே சொன்ன 2.4 மீட்டரில் நின்று எடுக்கும்போது ஆள் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 47 வெறும் 14 ஆகும். 10 மீட்டர் தள்ளி நின்றால் 38. அந்த ஜூமில், கிராப் கேமராவில், அதே ஒரு மீட்டர் உயரம் அடங்க நீங்கள் 11 மீட்டர் தள்ளி நிற்பதால் பின்னால் 10 மீட்டர் விட்டும் 21தான் கிடைக்கும். ஆளைச் சுவரிலிருந்து முன்னால் கூப்பிடச் செலவே இல்லை, முதலில் அதைச் செய்யுங்கள்.

85-ஐ 1.8-ல் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். முகம் சற்றுத் திரும்பினாலே தூரத்துக் கண் மங்கிவிடும். எஃப் 2.8-ல் 5 சென்டிமீட்டர் கிடைக்கும். ஃபோகஸ் எப்போதும் கேமராவுக்குப் பக்கத்துக் கண்ணில்.

உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (கேமரா ஒளியை உணரும் அளவு) 100, எஃப் 1.8 என்றால் ஷட்டர் 1/8000 வினாடி வரை போகும். பல கேமராக்கள் 1/4000-லேயே நின்றுவிடும், படம் வெளுத்துப்போகும். ஒளியை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காக, குறைக்கும் என்.டி. 8 என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் போடலாம். ஆளை மர நிழலின் ஓரத்துக்கு நகர்த்துவது இன்னும் நல்லது.

கடற்கரையில் கவனிக்க வேண்டியது அடிவானம். கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஆளின் உடம்பில் அதே உயரத்தில்தான் அந்தக் கோடு வெட்டும். நீங்களும் அவரும் ஒரே உயரம் என்றால் நின்றபடி எடுக்கும்போது முகத்திலேயே ஓடும். முட்டி போட்டுக் கேமராவை இடுப்பளவுக்கு இறக்கினால் கோடும் இடுப்புக்கு இறங்கிவிடும்.

வயல் வரப்பில் தொல்லை வேறு. பயிரில் பட்டுத் திரும்பும் பச்சை, தாடைக்கு அடியில் ஏறும். ஒயிட் பேலன்ஸை (படத்தின் மொத்த நிறச் சாய்வைச் சரிசெய்யும் செட்டிங்) மாற்றினால் முகம் முழுக்க நிறம் மாறுமே தவிர, அந்தப் பச்சை தனியாகப் போகாது. ஆளுக்கு முன்னால், ஃபிரேமுக்கு வெளியே, ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் போடுங்கள். கீழிருந்து வெள்ளை ஒளி ஏறும், கண்ணுக்கடியில் விழும் நிழலும் குறையும்.