சோதனை நூலகத்தை எங்கே வைத்துப் பராமரிப்பது?

எங்கள் அலுவலகத்தில் மூன்று குழுக்கள் சேர்ந்து பயன்படுத்தும் சிறிய சோதனை நூலகம், அதாவது மென்பொருளைச் சோதிக்க உதவும் நிரல்களின் தொகுப்பு, ஒன்று இருக்கிறது. அதைத் திறமூலமாகவே வெளியிட்டிருக்கிறோம். அதை முதன்மைத் தயாரிப்பின் களஞ்சியத்துக்குள் (நிரலும் அதன் மாற்றங்களும் சேமிக்கப்படும் இடம்) கொண்டுவருவதா, தனிக் களஞ்சியத்திலேயே விட்டுவைப்பதா என்று சென்ற மாதம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இரு தரப்பினரும் தத்தம் வசதியைப் பற்றியே பேசினார்கள். ஒரு வழுவைத் திருத்தினால் அந்தத் திருத்தம் முதலில் எங்கே சேர வேண்டும், அங்கிருந்து எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை கேள்வியே அதுதான். அதை விளக்க, பைத்தான் நிரல்மொழியின் மாக் நூலகம் கடந்துவந்த பாதையை எடுத்துச் சொன்னேன்.

சோதனையின்போது உண்மையான தரவுத்தளத்துக்கோ இணையச் சேவைக்கோ பதிலாக நிறுத்தப்படும் போலிப் பொருள்களை உருவாக்கித் தருவது மாக்கின் வேலை. மைக்கேல் ஃபோர்ட் எழுதிய இந்நூலகம் தனித் தொகுப்பாகவே வளர்ந்து பரவலாகப் பயன்பட்ட பின், பெப் 417 என்னும் முன்மொழிவின் வழியாக, 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3இன் செந்தர நூலகத்துக்குள் (மொழியோடு சேர்ந்தே வரும் நூலகம்) யூனிட்டெஸ்ட்.மாக் என்ற பெயரில் சேர்ந்தது. தனியாக எதையும் நிறுவாமலே அது எல்லோருக்கும் கிடைத்தது. வெளித் தொகுப்புகளை நம்பியிருக்க முடியாத பைத்தானின் சொந்தச் சோதனைகளும் அதைப் பயன்படுத்த முடிந்தது.

ஆனால் செந்தர நூலகத்துக்குள் போன பொருள் பைத்தானின் நாட்காட்டிப்படியே நடக்க வேண்டும். அடுத்த பைத்தான் பதிப்பு வரும்வரை புதிய வசதி எதுவும் பயனரைச் சென்றடையாது. அப்போதெல்லாம் அந்த இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. பைத்தான் 2.7இலேயே இருந்தவர்களுக்கோ அதுவும் இல்லை. எனவே மாக் என்ற வெளித் தொகுப்பை மூடிவிட முடியவில்லை. 1.0 வரிசையோடு சில ஆண்டுகள் அசையாமல் கிடந்த அது, 2015இல் மீண்டும் உயிர்பெற்றபோது, அதன் தகுதி தலைகீழாக மாறியிருந்தது: முன்பு அது மூலம், இப்போது செந்தர நூலகத்தின் நகல்.

அந்த நகலை நடத்தும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் களஞ்சியத்தில் லாஸ்ட்சிங்க் என்றொரு சிறு உரைக்கோப்பு இருக்கிறது. பைத்தானின் மூல நிரலான சீபைத்தானிலிருந்து கடைசியாக எந்த கமிட் (பதிவுசெய்யப்பட்ட மாற்றம்) வரை எடுத்துக்கொண்டோம் என்பது மட்டுமே அதில் எழுதியிருக்கும். அதற்குப் பின் மாக்கின் நிரலையும் அதன் சோதனைகளையும் தொட்ட கமிட்டுகளை ஒரு நிரல் தேடியெடுத்து, ஒட்டுகளாக இங்கே கொண்டுவரும். நகலுக்கு மட்டுமே உரிய கோளாறு என்றால் இங்கே முறையிடலாம். மற்றவை எல்லாம் சீபைத்தானுக்கே போக வேண்டும். இவ்வளவு தெளிவு இருந்தும் வேலை குறைந்துவிடவில்லை. 2019இல் பைத்தான் 3.8இல் வந்த அசிங்க்மாக் என்னும் புதிய வசதி, பைத்தான் 2ஐக் கைவிட்ட மாக் 4.0 பதிப்பு வரும்வரை நகலுக்கு வந்து சேரவில்லை.

செந்தர நூலகத்துக்குள் சேர்ந்ததற்கு இன்னொரு விலையும் உண்டு. போலிப் பொருள் எந்தப் பெயரில் அழைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது; ஆகவே அசெர்ட் என்று தொடங்கும் சரிபார்ப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால், எதையும் சரிபார்க்காமலே சோதனை தேறிவிடும். இதைத் தடுக்க, அசெர்ட் என்று தொடங்கும் அறியாத பெயர்களை மட்டுமல்லாமல், எழுத்து இடம் மாறிய "அஸ்ரெட்" வடிவத்தையும் பிழையாகக் கொள்ளும் ஏற்பாடு பைத்தான் 3.5இல் வந்தது. மனிதர் செய்யக்கூடிய எண்ணற்ற தட்டச்சுப் பிழைகளில் ஒன்றுக்கு மட்டும் செந்தர நூலகத்தில் இடம் தருவதா என்று பலர் எரிச்சலடைந்தார்கள். பின்னர் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. தனித் தொகுப்பாக இருந்திருந்தால் அடுத்த பெரும் பதிப்பில் எளிதாக எடுத்துவிட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சி++ மொழிக்கான கூகுளின் சோதனை நூலகங்களான கூகுள்மாக், கூகுள்டெஸ்ட் இரண்டும் ஒரே களஞ்சியத்தில் இணைந்து 2016இல் 1.8.0 பதிப்பாக வந்ததில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஒன்று மற்றொன்றின் மேல் நிற்பது. தனித்தனியே வைத்துப் பதிப்பு எண்களைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

எங்கள் நூலகத்துக்கு வந்த திருத்தங்களைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை முதன்மைத் தயாரிப்பு மாறியதால் எழுந்தவை என்று தெரிந்தது. அதனால் மூலத்தை அங்கேயே வைத்து, வெளித் தொகுப்பை ஒருவழி நகலாக்கினோம். கடைசி கமிட்டைக் குறித்துவைக்கும் கோப்பையும் மாக்கிடமிருந்து அப்படியே கடன் வாங்கிக்கொண்டோம். மூன்றாவது குழுவுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. இரண்டு வரித் திருத்தத்துக்குக்கூட முதன்மைக் களஞ்சியத்தின் முழுச் சோதனையும் ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். அது உண்மைதான். நூலகத்தைத் தொடும் மாற்றங்களுக்கு அதன் சோதனைகளை மட்டும் ஓட்டினால் போதும் என்ற விதியை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.