மலிவான மடக்குக் கத்தி: செலவு எங்கே சுருங்கியிருக்கிறது?

விலை குறைந்த மடக்குக் கத்தியைச் செய்பவர் எங்கோ ஓரிடத்தில் செலவைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். அதில் குற்றம் ஏதும் இல்லை. கைப்பிடிக்கு மெருகேற்றுவதில் சுருக்கினாரா, எஃகைப் பதப்படுத்தும் உலையில் சுருக்கினாரா என்பதுதான் வாங்குபவர் கண்டுபிடிக்க வேண்டியது. முன்னது பார்த்த உடனே தெரிந்துவிடும். அதனால் வெட்டும் வேலைக்கு எந்தக் குறையும் வராது. பின்னது வாங்கும்போது தெரியாது. பயன்படுத்தத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு வெட்டிலும் தெரியும். இத்தகைய கத்திகளைப் பல ஆண்டுகளாக வாங்கியும், பிரித்துப் பார்த்தும், சாணை பிடித்தும் வருகிறேன். அவற்றில் நல்லவை என்று நான் மதிப்பவை எல்லாம், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சிக்கனம் பிடித்து, தெரியாத இடத்தில் செலவழித்துச் செய்யப்பட்டவையே.

கத்தியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எஃகின் பெயரில் தொடங்குகிறது. இந்த விலை வரிசையில் அடிக்கடி எதிர்ப்படுபவை 8சிஆர்13எம்ஓவி, 420எச்சி, ஏயுஎஸ்-8, டி2, 14சி28என் ஆகியவை. முதலில் சொன்னது சீன எஃகு. அதில் ஏறத்தாழ 0.8 விழுக்காடு கார்பனும் 13 விழுக்காடு குரோமியமும் உண்டு. எளிதில் துருப்பிடிக்காது, எளிதில் கூர் ஏறும், ஓரளவுக்குக் கூரைத் தக்கவைக்கும். டி2 என்பது தகடு வெட்டும் அச்சுகளுக்குப் பயன்படும் கருவி எஃகு. அதில் சுமார் 1.5 விழுக்காடு கார்பனும் 12 விழுக்காடு குரோமியமும் இருந்தாலும், குரோமியத்தின் கணிசமான பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடுகள் என்னும் கடினத் துகள்களாகக் கட்டுண்டு விடுவதால், துருவைத் தடுக்க மீந்திருப்பது குறைவு. ஈரத்தில் வேலை செய்பவர்கள் டி2 கத்தியைத் துடைத்து எண்ணெயிட்டு வைக்க வேண்டியிருக்கும். ஸ்வீடனில் உருவான 14சி28என் எஃகில் கார்பன் 0.62 விழுக்காடுதான்; ஆனால் 14 விழுக்காடு குரோமியத்தோடு சிறிதளவு நைட்ரஜனும் சேர்வதால் துருவை நன்றாகத் தாங்குகிறது. அதன் கார்பைடுகள் மிக நுண்மையானவை என்பதால் மெல்லிய வாயும், அதாவது வெட்டும் விளிம்பும், உதிராமல் நிற்கிறது. ஒரே விலையில் இவை அனைத்தும் கிடைத்தால் என் கை 14சி28என் பக்கமே போகும்.

எஃகின் பெயரைச் சொல்லாத கத்தியை நான் வாங்குவதில்லை. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’, ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்ற சொற்கள் எந்த ஒரு குறிப்பிட்ட எஃகையும் சுட்டுவன அல்ல. ‘440’ என்று மட்டும் பொறித்துவிட்டு எழுத்தை விட்டுவிடுவதும் அதே வகைதான். 440ஏ எஃகில் கார்பன் 0.60 முதல் 0.75 விழுக்காடு வரை. 440சி எஃகில் 0.95 முதல் 1.20 வரை. உயர்ந்த வகையைப் பயன்படுத்தியவர் அந்த எழுத்தைப் பெருமையோடு பொறிப்பார். எழுத்து இல்லாத இடத்தில் தாழ்ந்த வகை என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் பெயர் என்பது கதையில் பாதிகூட இல்லை. ஒரே மண்ணில் வனைந்த இரண்டு பானைகள் சுட்ட விதத்தால் வேறுபடுவதைப் போல, ஒரே எஃகில் செய்த இரண்டு கத்தி அலகுகள் பதப்படுத்திய விதத்தால் முற்றிலும் வேறாகிவிடும். இந்த எஃகுகளை ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி, உரிய நேரம் அந்த வெப்பத்திலேயே வைத்து, வேகமாகக் குளிர்வித்து, பிறகு மீண்டும் மிதமாகச் சூடேற்றி நொறுங்கும் தன்மையைப் போக்க வேண்டும். உலையில் நேரத்தைக் குறைத்தால் மின்செலவு குறையும். ஒரே தடவையில் அளவுக்கு மீறி அலகுகளை அடுக்கினால் இன்னும் குறையும். இதன் விளைவு எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் தெரியும். நன்கு பதப்பட்ட 8சிஆர்13எம்ஓவி 57 அல்லது 58 என்ற கடினத்தையும், டி2 60-ஐ ஒட்டிய கடினத்தையும் எட்டும். அக்கறையில்லாமல் செய்தால் இவை 54, 55 என்று தங்கிவிடும். கடின அளவை வெளிப்படையாக அறிவிக்கும் தயாரிப்பாளரை நான் கூடுதலாக நம்புகிறேன், ஏனெனில் அறிவித்த எண்ணை யாரும் அளந்து பார்த்துவிடலாம். அளவுமானி இல்லாதவர்களுக்குச் சாணைக்கல்லே சோதனைக்கூடம். வாயைத் தீட்டும்போது எதிர்ப்பக்கத்தில் எழும் பிசிறு நீளமாகச் சுருண்டு, எத்தனை முறை பக்கம் மாற்றித் தேய்த்தாலும் உதிராமல் அங்குமிங்கும் சாய்ந்துகொண்டே இருந்தால் எஃகு மென்மையாக இருக்கிறது என்று பொருள். நன்கு பதப்பட்ட எஃகில் பிசிறு சிறியதாக எழுந்து, லேசான சில தேய்ப்புகளில் போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தொழிற்சாலையில் சுழலும் பட்டையில் வேகமாகக் கூர் வைக்கும்போது, வாயின் நுனியில் உள்ள மிக மெல்லிய பகுதி சூடேறிப் பதம் கெட்டுவிடுவதுண்டு. அந்த முதல் கூர் விரைவில் மழுங்குவதைப் பார்த்துவிட்டுக் கத்தியையே மட்டமென்று ஒதுக்குபவர்கள் பலர். இரண்டு மூன்று முறை கையால் சாணை பிடித்து அந்தப் பகுதியை நீக்கிய பிறகு அடியிலிருந்து நல்ல எஃகு வெளிப்படும். ஆகவே கத்தி எவ்வளவு நேரம் கூராக இருக்கிறது என்ற தீர்ப்பை அதன் பிறகே சொல்ல வேண்டும்.

எஃகைவிட நான் அதிகம் பார்ப்பது அலகின் வடிவத்தை. வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதே ஒரு கத்தி வெட்டுமா, பிளக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. உறுதியானது என்ற தோற்றத்துக்காக முதுகுப் பக்கம் மூன்றரை மில்லிமீட்டர் தடிமன் வைத்து, பாதி அகலத்துக்கு மட்டும் சரிவு கொடுத்த அலகுகள் மலிவு வரிசையில் ஏராளம். அவை காகிதத்தை மழிப்பது போல் வெட்டும். அட்டைப்பெட்டியில் இறக்கினால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். சவரக்கத்திபோல் கூராக இருந்தும் இவ்வாறு நடக்கும், ஏனென்றால் தடை வாயில் இல்லை, அதற்குச் சற்று மேலே தடித்திருக்கும் தோளில் இருக்கிறது. இதை அளக்கக் கருவிகூட வேண்டியதில்லை. வாயோரம் பளபளப்பாகத் தெரியும் கூர்ச்சரிவின் அகலத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு 20 டிகிரி கோணத்தில் தீட்டியிருந்தால், சரிவின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த இடத்தின் தடிமன் ஆகும். சரிவு ஒரு மில்லிமீட்டர் அகலம் என்றால் தடிமன் 0.7 மில்லிமீட்டரை நெருங்குகிறது. இது அன்றாடக் கத்திக்கு அதிகம். சரிவு 0.6 மில்லிமீட்டராக இருந்தால் தடிமன் 0.4, இப்படிப்பட்ட கத்தி அட்டையிலும் கயிற்றிலும் தடையின்றி இறங்கும்.

ஓபினல் கத்தியை இதற்குச் சான்றாகச் சொல்வேன். பிரான்சின் சவோய் பகுதியில் 1890-இல் ஜோசப் ஓபினல் உருவாக்கிய இந்தக் கத்தியில் மரப்பிடி, அலகு, ஓர் ஆணி, பிடியின் முனையில் அசையாத ஓர் உலோக வளையம், அலகை நிறுத்த 1955-இல் சேர்க்கப்பட்ட சுழலும் உலோக வளையம் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் கிடையாது. அலகு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன் கொண்டது. முதுகிலிருந்து வாய்வரை மெல்லச் சரிகிறது. பன்மடங்கு விலையுள்ள பல கத்திகளைவிட அது நன்றாக வெட்டுகிறது. பிடி ஈரத்தில் உப்பி அலகைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் சிக்கனம் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை வெளிப்படையாகக் காட்டிவிடும் கத்தி அது. அந்த நேர்மைக்காகவே எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு.

அடுத்தது பூட்டு. இதில் அழகைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை, விரல் சம்பந்தப்பட்டது. மலிவுக் கத்திகளில் அதிகம் காணப்படுவது 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்திய லைனர் லாக். கைப்பிடிக்குள் இருக்கும் தகட்டின் ஒரு பகுதி வில்போல் வளைந்து வந்து, திறந்த அலகின் அடிப்பகுதியை முட்டி நிற்கும். கத்தியைத் திறந்து வைத்து, அந்தத் தகடு அலகின் அடியில் எவ்வளவு தூரம் நகர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். அடிப்பகுதியின் தடிமனில் கால்வாசிக்கும் அரைவாசிக்கும் இடையில் நிற்பது நல்லது. ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அழுத்தத்தில் நழுவலாம். புதிதிலேயே எதிர்க்கோடிவரை சென்றுவிட்டிருந்தால், தேய்மானத்துக்கு இடம் வைக்காமல் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். மடங்கும் பாதையில் விரல்கள் இல்லாதவாறு கத்தியைப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கத்தை மேசை விளிம்பில் வைத்துச் சீராக அழுத்திப் பார்த்தால் போதும். ஓங்கி அடித்துச் சோதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல பூட்டையும் அது கெடுத்துவிடும்.

அலகில் ஆட்டம் இருந்தால் அது எந்தத் திசையில் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் அச்சுத் திருகைச் சற்று முறுக்கினால் நின்றுவிடும். மேலும் கீழுமான ஆட்டம், பூட்டும் அலகும் முட்டும் பூட்டு முகத்திலோ, திறந்த அலகைத் தடுத்து நிறுத்தும் தடுப்பு ஊசியிலோ உள்ள அளவுப் பிழை. எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது. கடையில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மேலும் கீழுமான ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிகவும் அடிமட்ட விலையில் பூட்டே இல்லாத கத்திகள்தான் அதிக மதிப்பைத் தருகின்றன என்பது என் கருத்து. முதுகு வில்லின் அழுத்தத்தால் மட்டும் அலகு திறந்து நிற்கும் வகை அது. விக்டோரினாக்ஸின் சிறிய பேனாக் கத்திகள் இந்த அமைப்பில்தான் இயங்குகின்றன. அவற்றின் எஃகு சுமார் 56 ராக்வெல் அளவில் பதப்படுத்தப்படுகிறது. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றினாலும் ஒவ்வொரு கத்தியிலும் அதே தரம் கிடைக்கிறது, அலகும் மெல்லியது. சிக்கலான பூட்டைத் துல்லியமாகச் செய்யப் பணம் வேண்டும். அந்தப் பணம் இல்லாத இடத்தில் பூட்டை விட்டுவிட்டு அலகில் கவனம் செலுத்துவதே நேர்மையான வடிவமைப்பு. அலகின் நீளம், பூட்டு, ஒற்றைக் கையால் திறக்கும் வசதி ஆகியவற்றுக்கு நாட்டுக்கு நாடு சட்டக் கட்டுப்பாடுகள் மாறுகின்றன. எந்த வகையை வாங்குவதானாலும் அதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

திறக்கும் வேகத்தைத் தரத்தின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அலகு சுழலும் அச்சில் வைக்கும் குண்டு பேரிங்குகள் மலிவாகிவிட்டதால் எந்தக் கத்தியையும் விரல்தட்டில் பறக்கவைக்க முடிகிறது. ஆனால் தூசும் நாரும் பேரிங்குக்குள் புகுந்தால் அந்த வழவழப்பு போய்விடும். பாஸ்பர் வெண்கல வாஷர்கள் அழுக்கைப் பொறுத்துக்கொண்டு, பழகப்பழக மென்மையாகும். மூடிய நிலையில் அலகு நட்டநடுவே நிற்கிறதா என்பதைப் பற்றியும் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். பக்கத் தகட்டில் உரசாதவரை அது பொருட்டே இல்லை. திருகுகளின் தலை எளிதில் தேயும் மென்மையான உலோகமா என்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் தலை தேய்ந்த திருகுள்ள கத்தியைப் பிரித்துச் சுத்தம் செய்ய வழியில்லை.

கைப்பிடியில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஐந்து நிமிடம் அழுத்தி வெட்டினால் எங்காவது உறுத்துகிறதா? கண்ணாடியிழை கலந்த நைலான் பிடி பார்வைக்கு எளிமையானது, எடை குறைந்தது, ஈரத்திலும் உருமாறாது. அலுமினியமும் மரமும் அழகு சேர்க்கலாம், வெட்டுக்கு எதுவும் சேர்ப்பதில்லை.

அலங்காரத்தைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. லேசரால் பொறித்த அலைவடிவத்தை டமாஸ்கஸ் என்று விற்பது பொய். உண்மையான அடுக்கு எஃகில் அந்த வடிவம் உலோகத்தின் உள்ளே ஓடும். தேய்த்துவிட்டு அமிலத்தில் நனைத்தால் மீண்டும் எழும். பொறித்த வடிவம் ஒருமுறை தேய்த்தால் மறைந்துவிடும். கண்ணாடி உடைக்கும் முனை, பெல்ட் அறுக்கும் கொக்கி, விசில் என்று மலிவுக் கத்தியில் சேர்ந்துகொண்டே போகும் ஒவ்வொன்றின் செலவும் அலகிலிருந்தே எடுக்கப்படுகிறது. வேறொருவரின் புகழ்பெற்ற வடிவத்தை அப்படியே நகலெடுத்து, அவருடைய முத்திரையோடு விற்கும் கத்திகளையும் தவிர்த்துவிடுங்கள். முத்திரையில் பொய் சொன்னவர் எஃகின் பெயரில் உண்மை சொல்லியிருப்பார் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை.

கையில் எடுத்துப் பார்க்காமல் படத்தைப் பார்த்து வாங்குவதாக இருந்தால், அலகை வாயின் பக்கமிருந்து காட்டும் படமும், பூட்டு முகத்தின் படமும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பளிச்சென்ற பக்கவாட்டுப் படங்கள் மட்டும் இருந்தால் எதையும் முடிவு செய்ய இயலாது. வாங்கியவர்கள் எழுதியவற்றில், பெட்டியைப் பிரித்த அன்றே பாராட்டியவர்களை விட்டுவிட்டு, பல மாதம் வெட்டி, சாணையும் பிடித்தவர்கள் சொல்வதைப் படிக்க வேண்டும்.

பணத்தைப் பிரிக்கும் விதத்திலும் எனக்கு ஒரு யோசனை உண்டு. கையிலிருக்கும் தொகை முழுவதையும் கத்தியில் போடாமல், அதில் ஒரு பகுதிக்கு இருபக்கச் சாணைக்கல் ஒன்றை வாங்குங்கள். இந்த விலை வரிசை எஃகுகளில் பெரும்பாலானவை சாதாரண அலுமினியம் ஆக்ஸைடு கல்லிலேயே கூர் ஏறிவிடும்; டி2 சற்றுப் பொறுமை கேட்கும். வனேடியம் மிகுந்த உயர்விலை எஃகுகளுக்கோ வைரத்தூள் பதித்த தகடு வேண்டியிருக்கும்.

கத்தி கைக்கு வந்ததும் மேலும் கீழுமான ஆட்டம், நழுவும் பூட்டு, பக்கத்தகட்டில் அடிபடும் வாய், இருபுறமும் வெவ்வேறு அகலத்தில் ஓடும் கூர்ச்சரிவு ஆகியவற்றுள் முதல் மூன்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான்காவது சிறிதளவாக இருந்தால் சில சாணைகளில் நேராகிவிடும். மழுங்கிய வாயையும், இறுகிய அச்சையும், தளர்ந்த சட்டைப்பை கிளிப்பையும் குறையாகக் கணக்கிட வேண்டாம். ஒரு திருகுளியும் ஒரு சொட்டு எண்ணெயும் சாணைக்கல்லும் அவற்றை ஒரே மாலையில் சரிசெய்துவிடும்.