ரெட் லயன் சதுக்கத்தில் ஒரு குளிர்காலம்

அக்டோபர் கடைசி ஞாயிறு. பிரிட்டன் முழுக்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிற நாள். ஐந்து மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. லண்டனில் ஹோல்பர்ன் ரயில் நிலையத்தின் நீளமான எஸ்கலேட்டரில் ஏறி வெளியே வந்தால் தூறல். "அஞ்சு நிமிஷ நடைதான்ப்பா. வழி தெரியலைன்னா போன் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் மகள். ஆறு மாத விசாவில் அவள் வீட்டுக்கு வந்திருந்தோம். மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மார்கழி சபாக்களை இந்த வருடம் தவறவிடப் போகிறோமே என்ற ஏக்கம் எனக்கு. அதைப் பார்த்துத்தான் மகள் இந்த ஞாயிற்றுக்கிழமை மேற்கத்திய இசைக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஒரு முறை போய்ப் பார்க்கலாம் என்று போனவன், மார்ச் வரை அநேகமாக எல்லா ஞாயிறும் போய்விட்டேன்.

ரெட் லயன் சதுக்கத்தின் மூலையில் இருக்கிறது கான்வே ஹால். வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான செங்கல் கட்டடம். உள்ளே மரப்பலகை அடித்த சுவர்கள், மேலே கண்ணாடிக் கூரை, ஒரு பால்கனி. மேடைக்கு மேல் ஷேக்ஸ்பியர் வரி ஒன்றைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்: உனக்கு நீ உண்மையாக இரு என்று பொருள். ஆறரை மணிக்கு நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிதான ஒரு வியோலா, முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்கிற பெரிய செல்லோ ஒன்று. மைக் இல்லை. நம் ஊரில் சின்னக் கல்யாண மண்டபத்தில்கூட ஆளுயர ஸ்பீக்கர் வைத்துக் கேட்டுப் பழகிய எனக்கு, எதுவுமே இல்லாத அந்த மேடையைப் பார்க்கவே நிறைவாக இருந்தது.

இந்தக் கச்சேரி வரிசை 1887இல் தொடங்கியது. நடத்தியது ஒரு சங்கம். மதச் சடங்குகளிலிருந்து விலகி, அறத்தை மட்டும் பேசிய சவுத் பிளேஸ் சங்கம். அப்போது ஃபின்ஸ்பரி பகுதியில் அவர்களுக்கு வேறொரு கட்டடம் இருந்தது. இந்த ஹால் திறந்தது 1929இல். சங்கத்தை வெகுகாலம் வழிநடத்திய மான்க்யூர் கான்வேயின் பெயர் இதற்கு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்து, அடிமை முறையை எதிர்த்தவர். ஞாயிற்றுக்கிழமையில் காசு வாங்கிக்கொண்டு பொழுதுபோக்கு நடத்தக்கூடாது என்று 1780ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. ஆனால் வாரம் முழுக்க உழைக்கிறவனுக்கு ஞாயிற்றை விட்டால் பாட்டுக் கேட்க வேறு நாள் ஏது? சங்கத்தார் அந்த நாளையே பிடித்துக்கொண்டார்கள். ஆல்ஃபிரட் கிளெமெண்ட்ஸ் என்பவர் 1938இல் இறக்கும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இதைத் தோளில் சுமந்திருக்கிறார். சபா செயலாளர் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவன் நான். ஐம்பது வருடம் என்று படித்ததும் எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

முதல் நாள் நான் உட்கார்ந்தது பின்வரிசையில். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் மூன்றாவது வரிசைக்குப் போனேன். அன்றைக்குத்தான் இந்த இசை எனக்குப் பிடிபட்டது.

நால்வரில் யாரும் தாளம் போடவில்லை, கை ஆட்டி நடத்துகிறவர் என்று ஒருவர் இல்லை. பிறகு எப்படிச் சேர்ந்து தொடங்குகிறார்கள்? மூச்சு. முதல் வயலின் வாசிப்பவர் வில்லைத் தூக்கும்போது மூக்கால் ஒரு மூச்சு இழுக்கிறார். அந்தச் சத்தம் மூன்றாவது வரிசைக்குக் கேட்கிறது. மற்ற மூவரும் அதே மூச்சில் சேர்ந்துகொள்கிறார்கள். செல்லோவின் அடியில் ஒரு கூர்மையான கம்பி இருக்கிறது; அதை மேடை மரத்தில் ஊன்றித்தான் வாசிப்பார்கள். கீழ்ஸ்தாயி சுரம் ஒன்றை நீளமாக இழுத்தபோது என் உள்ளங்கால் அதிர்ந்தது. தாளைப் புரட்ட இருவர் டேப்லெட் வைத்திருந்தார்கள், காலடியில் ஒரு மிதிகட்டை. எல்லாமே எழுதிவைத்த சுரம்தான், நம் நிரவல் மாதிரி அந்தந்த நேரத்தில் பிறப்பதில்லை. ஆனாலும் வியோலாக்காரர் ஒரு சின்னத் திருப்பத்தை வாசித்துவிட்டு இரண்டாம் வயலினை நிமிர்ந்து பார்த்த பார்வை, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பார்த்துக்கொள்கிற அதே பார்வை. சேம்பர் மியூசிக் என்றால் அறைக்குள் வாசிக்கிற இசை. அதைக் கிட்டே இருந்துதான் கேட்க வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். தூரத்தில் சுரங்கள் வந்து சேரும். அந்தப் பேச்சுவார்த்தை வந்து சேராது.

அன்று வாசித்தது ஹைடன், பதினெட்டாம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர், எழுதியது. முதல் பகுதி முடிந்ததும் நான் கை தட்டிவிட்டேன். மண்டபத்தில் என் கைத்தட்டல் மட்டும். இங்கே நான்கு பகுதிகளும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். எனக்கு மனம் சுருங்கிப் போனது. இடைவேளையில் பக்கத்து இருக்கை மூதாட்டி தானாகவே பேச்சுக் கொடுத்தார். பல வருடங்களாக வருகிறவர். "ஹைடன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் காலத்தில் நடுவில் தட்டுவார்கள், பிடித்த பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்வார்கள்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். இந்த மௌனம் பின்னால் வந்த பழக்கம். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் பக்கத்தில்தான் எனக்கு இடம்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் என்னை நடக்க வைத்தது. ஹைடன் 1791இலும் 1794இலும் என இரண்டு முறை லண்டன் வந்து தங்கியிருக்கிறார். அதுவரை குவார்டெட் என்கிற இந்த நால்வர் இசை என்பது பிரபுக்கள் வீட்டு அறையில் நண்பர்கள் கூடி வாசிப்பது. லண்டனிலோ டிக்கெட் வாங்கி வந்த கூட்டம், பேசிக்கொண்டே உட்காருகிற கூட்டம். இரண்டாவது பயணத்துக்காக 1793இல் எழுதிய ஆறு குவார்டெட்டுகளில் ஹைடன் அதற்கொரு வழி செய்தார். எடுத்த எடுப்பிலேயே கூட்டத்தை நிமிர வைக்கிற பலமான தொடக்கம். அப்புறம்தான் மெல்லிய விஷயங்கள். கல்யாணக் கச்சேரியில் நாகஸ்வரக்காரர் செய்வதும் இதைத்தானே!

அவை அரங்கேறிய ஹானோவர் சதுக்கத்து மண்டபத்தைத் தேடி நவம்பரில் ஒரு காலை கிளம்பினேன். ஹோல்பர்னிலிருந்து ஆக்ஸ்ஃபோர்ட் தெரு வழியாக மேற்கே, வேகமாக நடந்தால் அரை மணி நேரம். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. 1775இல் திறந்த அந்த மண்டபத்தை 1900இல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே அலுவலகங்கள். ஆட்கள் காபிக் கோப்பையோடு விரைந்துகொண்டிருந்தார்கள். சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஹெட்போனில் அந்த குவார்டெட்டுகளில் ஒன்றைக் கேட்டேன். இடம் இல்லை, வாசித்தவர்கள் இல்லை. எழுதிய சுரம் மட்டும் காதில் புத்தம் புதிதாக இருந்தது.

விக்மோர் ஹாலுக்கும் இரண்டு முறை போனேன். 1901இல் பெக்ஸ்டைன் பியானோக் கம்பெனி கட்டிய அழகான மண்டபம். முதல் உலகப் போரில் ஜெர்மன் கம்பெனி என்பதால் கைமாறி, பெயரும் மாறியது. உலகத் தரமான வாசிப்பு. ஆனால் என் மனம் ரெட் லயன் சதுக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டது. அங்கே வாசலில் நிற்பவர் மூன்றாவது வாரமே என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்டெட். 1960இல், ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே ஒரு சிற்றூரில் தங்கி, மூன்றே நாளில் எழுதியது. தன் பெயரின் எழுத்துகளை நான்கு சுரங்களாக்கி, அதையே திரும்பத் திரும்ப வைத்துப் பின்னியிருக்கிறார். ஐந்து பகுதிகளும் இடைவெளி இல்லாமல் ஓடுகின்றன. முடிந்தபோது யாரும் சட்டென்று தட்டவில்லை. மூதாட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சிறு வயது போர்க்கால லண்டனில் கழிந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

மார்ச்சில், ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் குவின்டெட், அதாவது ஐவர் இசை. இதில் செல்லோ இரண்டு. 1828இல், இறப்பதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு எழுதி முடித்தார். வயது 31. அது மேடையேறியதோ 1850இல். இரண்டாவது பகுதியில் நடுவில் இருக்கும் மூன்று வாத்தியங்கள் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில் ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. மேலே வயலின் சிறு சிறு சொற்களாக ஏதோ சொல்கிறது. கீழே செல்லோ விரலால் மீட்டுகிறது. மனைவியை அன்று வற்புறுத்தி அழைத்து வந்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மடியில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பகுதி கொண்டாட்டமாகத்தான் ஓடுகிறது. ஆனால் முடிவில், ஷட்ஜத்தில் போய் நிற்க வேண்டிய இடத்தில், ஐந்து பேரும் ஷட்ஜத்துக்கு ஒட்டினாற்போல் மேலே இருக்கும் சுரத்தை அழுத்தித் தொட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். மனைவி கண்ணைத் திறந்து என் காதருகே சொன்னாள்:

"சுத்த ரிஷபம்."

மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடியவர்களுக்கெல்லாம் தெரிந்த ரிஷபம்தான். மூதாட்டி எங்கள் பக்கம் திரும்பி, என்ன சொன்னாள் என்று கேட்டார். நான் மெல்ல 'ரி, ஸ' என்று பாடிக் காட்டினேன். அவரும் கூடவே பாடினார்.