சொதியில் கரைத்த இடியப்பம்

உலக சுகாதார அமைப்பின் வாய்ப்புண் அளவுகோலில் 0 முதல் 4 வரை படிகள் உள்ளன. வலியும் சிவப்பும் மட்டும் என்றால் 1. புண் இருந்தும் திட உணவு உண்ண முடிந்தால் 2. நீராகாரம் மட்டுமே இறங்குமானால் 3. வாய்வழியாக எதையுமே உட்கொள்ள முடியாவிட்டால் 4. தாளில் பார்க்கும்போது 2க்கும் 3க்கும் நடுவே ஐயத்துக்கு இடமே இல்லை. நெடுந்தீவிலிருந்து வந்த அந்த அம்மாவுக்குத் தாதியான நான் எதை எழுதுவது என்று தடுமாறிய பிறகு, அந்தக் கோடு யாருடைய சாப்பாட்டை மனத்தில் வைத்துக் கிழிக்கப்பட்டது என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

புற்றுநோய் மருந்தான ஃபுளோரோயூராசில் ஏற்றுவதற்காக வந்திருந்தார். கட்டுப்பல்லைக் கழற்றச் சொல்லிவிட்டு டோச் அடித்துப் பார்த்தேன். வேகமாகப் பிரியும் கலங்களையே இந்த மருந்து தாக்குவதால் வாயின் மென்மையான இடங்கள்தான் முதலில் அடிபடும். அவருக்கும் மேலண்ணத்தின் கெட்டியான பகுதி சுத்தமாக இருந்தது. கீழுதட்டின் உட்புறத்திலும் நாக்கின் அடியிலும் மஞ்சள் படிந்த புண்கள், அவற்றைச் சுற்றி இரத்தச் சிவப்பு. நாக்கை விலக்கிய தடியை எடுத்ததும் எச்சிலை விழுங்காமல் துவாயில் ஒற்றினார்.

“சாப்பிட ஏலுமோ அம்மா?”

“ஓம் பிள்ளை, காலமையும் இடியப்பம்தான் சாப்பிட்டனான்.”

பக்கத்தில் நின்ற மருமகள், “சொதிக்குள்ள கரைச்சுத்தான் மாமி குடிக்கிறவ” என்றார். முன்பும் அப்படித்தானா என்று கேட்டேன். “முந்தியும் ஊறப்போடுறவதான். ஆனா இப்பிடிக் கரைக்கிறேல்லை.” அந்த அம்மா மருமகளைப் பார்க்கவே இல்லை. என் கையிலிருந்த பேனையைப் பார்த்துச் சொன்னார்: “கூட்டி எழுதிப்போடாதேங்கோ பிள்ளை. தள்ளிப் போட்டினம் எண்டால் திரும்பவும் கடல் கடக்க வேணும்.”

சோளகம் வீசும் காலம். படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்வதற்குள் நல்ல உடம்புக்காரர்களே வாந்தி எடுத்துவிடுவார்கள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

நான் 3 என்று எழுதினேன். டொக்டர், “சாப்பிடுறா தானே?” என்று கேட்டபோதும் கரைத்துக் குடிக்கும் விடயத்தைச் சொன்னேன். மருந்து ஒரு கிழமை தள்ளிப்போனது.

என் பக்கத்து நியாயம் வலுவானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் வாய்ப்புண் கிருமிக்குத் திறந்து விட்ட வாசல். அந்த நிலையில் காய்ச்சல் கண்டால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. தீவில் இரவில் காய்ச்சல் வந்தால், எந்தக் கடலைக் காட்டி அவர் என்னைக் கெஞ்சினாரோ அதே கடல்தான் வைத்தியத்துக்கும் அவருக்கும் நடுவே கிடக்கும். ஆனால் இப்படி யோசித்துக்கொண்டு போனால் இன்னோர் இடத்தில் முட்டிக்கொள்கிறேன். அப்படியானால் நான் எண் போட்டது வாய்க்கா, கடலுக்கா? யாழ்ப்பாண நகரத்துக்குள் இருந்து வந்த ஒருவர் அதே புண்ணோடு, ஊறிய இடியப்பம் சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தால் 2 போட்டிருப்பேனா? போட்டிருக்கலாம். மருமகள் வெளியே தேநீர் வாங்கப் போயிருந்தால் இந்த அம்மாவுக்கே 2 விழுந்திருக்கும்.

1988இல் ஐலர்ஸ் குழுவினர் வெளியிட்ட வாய் மதிப்பீட்டு வழிகாட்டி இந்தச் சிக்கலை ஓரளவு தவிர்க்கிறது. குரல், விழுங்குதல், உதடு, நாக்கு, எச்சில், உட்தோல், முரசு (ஈறு), பல் என எட்டையும் தனித்தனியே 1 முதல் 3 வரை மதிப்பிட்டு, 8க்கும் 24க்கும் இடையே ஒரு கூட்டுத்தொகை எடுப்பது அதன் முறை. தட்டில் என்ன இருந்தது என்று கேட்கத் தேவையில்லை. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போன்ற அவருடைய குரலே பாதியைச் சொல்லியிருக்கும். ஆனாலும் சுற்றுக்கு வரும் டொக்டர் கூட்டுத்தொகையைப் பார்த்த பின்பும், “சாப்பிடுறாவோ?” என்றுதான் கேட்பார். அதில் தவறும் இல்லை.

அன்றைக்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் அப்பச்சோடாவும் கரைத்து அடிக்கடி கொப்பளிக்கவும், உறைப்பை விடவும், புண் ஆறும்வரை கட்டுப்பல்லைச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் போடவும் சொல்லி அனுப்பினேன். மருமகள் தலையாட்டினார், அந்த அம்மா கட்டுப்பல்லைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைப்பதிலேயே கவனமாக இருந்தார்.

அடுத்த கிழமை வந்தபோது, நான் கேட்பதற்கு முன்பே, “நேற்றுப் புட்டுச் சாப்பிட்டனான், பிசையாமல்” என்றார். புண்கள் ஆறியிருந்தன; அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் நாக்கைத் தூக்கச் சொல்லி வழக்கத்தை விட அதிக நேரம் பார்த்தேன், பார்ப்பதை அவரும் உணர்ந்தார். கேட்காமலே வந்த அந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நோயாளி மறைக்காமல் சொல்வதை நம்பித்தான் எங்கள் எண்கள் நிற்கின்றன. சொன்னதற்கு ஒரு கிழமை தண்டனை என்று அவர் கண்டுகொண்டார். மருமகளும் அதன் பிறகு அவரோடு வரவில்லை. வேலையா, வேறு ஏதுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நோயாளியின் குறிப்புத்தாளான டிக்கட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் உணவையும் அதை உண்ட விதத்தையும் ஒரு வரியில் எழுதுகிறேன். இதற்கெல்லாம் படிவத்தில் இடமில்லை என்று மூத்த தாதி ஒருவர் சொன்னார், ஓரத்தில் எழுதுகிறேன். அந்த அம்மா மீதி டோஸ்களை என்னோடு வேலை செய்யும் வேறொரு மிஸ்ஸியிடம் வாயைக் காட்டியே முடித்தார். அந்த மிஸ்ஸியின் கையெழுத்தில் ஒவ்வொரு முறையும் 1 என்றே இருக்கிறது, பக்கத்தில் எதுவும் எழுதப்படவில்லை.